மிச்சம் என்ன?

எங்கள் கணக்கு சார் செஸ் ஓப்பனிங் எதையும் எங்களை மனப்பாடம் செய்யவிட்டதில்லை. முதல் பத்து நகர்வை உருப்போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பையனிடம், "சரி, பதினொண்ணாவது என்ன ஆடுவே?" என்று கேட்பார். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள்தான் அவர் வைத்த பாடம். பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் சிங்கப்பூர் கிளைச் செயலாளர் கேட்டதும், அந்தப் பாடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளியின் மற்ற பெருமைகளை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மாலை மணி அடித்த பிறகு கடைசி வகுப்பறையில் நடந்த இது, அங்கே உட்கார்ந்திருந்த சிலருக்கு மட்டும்தான் தெரியும்.

1980-களின் பின்பாதி அது. மன்னார்குடி அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனந்த் 1986-இல் தேசிய சாம்பியன், 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அவர் வளர்ந்தது சென்னையில் என்றாலும் பிறந்தது மாயவரம் ஆயிற்றே! டீக்கடையில்கூட "நம்ம மாயவரத்துப் பிள்ளை" என்றுதான் பேச்சு. சென்னையில் மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய தால் செஸ் கிளப் மாதிரி எங்களுக்கு ஒன்றும் கிடையாது. கரும்பலகை இருந்தது, சார் இருந்தார், அவர் எங்கெங்கோ தேடிச் சேர்த்த பழைய ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன.

அந்தப் புத்தகங்களைப் படிப்பதே தனி வேலை. நெடுவரிசைக்கு ஏ முதல் எச் வரை ஓர் எழுத்து, குறுக்கு வரிசைக்கு 1 முதல் 8 வரை ஓர் எண் என்று கட்டத்துக்குப் பெயர் வைத்து இப்போது எல்லாரும் எழுதும் குறியீடு அவற்றில் இருக்காது. 'பி-கே4' என்று போட்டிருக்கும், அதாவது ராஜாவின் நெடுவரிசையில் நான்காம் கட்டத்துக்குச் சிப்பாய். வெள்ளைக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், கறுப்புக்குக் கறுப்பின் பக்கத்திலிருந்து. ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். அதைப் புதுக் குறியீட்டுக்கு மாற்றி எழுதும் வேலையைச் சார் எங்களிடம் கொடுத்துவிடுவார். எழுத எழுத ஆட்டம் கையில் பதிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்குப் பதிந்தது உண்மை. பல ஆட்டங்கள் இன்றும் என் கண் முன்னே அப்படியே நிற்கின்றன.

கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் 64 கட்டம் போட்டு நிலையை வரைவார். எங்கள் நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் நமக்குத் தோன்றும் நகர்வு, அதன் கீழே ஒரே வரியில் காரணம். வலது பக்கம் மாஸ்டர் ஆடியது. காரணம் எழுதாமல் நகர்வு மட்டும் எழுதியவனை அன்றைக்கு அவர் கேள்வி கேட்கமாட்டார். அதுதான் தண்டனை. நகர்வு தவறினாலும் காரணம் ஒழுங்காக இருந்தால் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் காரணம் உடைகிறது என்று எல்லாரையும் தேடச் சொல்வார்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. யாராவது ஆசையாக "வெட்டிடலாம் சார்" என்றால், "வெட்டலாம்ப்பா, மிச்சம் என்ன?" என்பார். வெட்டியதை யாரும் எண்ணிவிடலாம். போர்டில் மிஞ்சுகிற காய்கள் யாருக்கு வேலை செய்யும் என்று சொல்லத்தான் யோசிக்க வேண்டும். செஸ்ஸில் திட்டம் போடுவதைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். அதை எனக்கு முதலில் புரியவைத்த ஆட்டம் அமெரிக்காவின் ஃபிஷரும் சோவியத்தின் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனும் 1971-இல் ஆடியது.

உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்ய புவனஸ் அயர்ஸில் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். ஃபிஷருக்கு வெள்ளை. ராணிகள் பதின்மூன்று, பதினான்காம் நகர்வுகளிலேயே வெட்டுப்பட்டுப் போய்விட்டன. அப்புறம் ஃபிஷரின் குதிரை சி5-இல் வந்து உட்கார்ந்தது. எந்தச் சிப்பாயும் துரத்த முடியாத இடம். பெட்ரோசியனின் பிஷப்போ ஏ6 சிப்பாயைக் காத்துக்கொண்டு சி8-இல் முடங்கிக் கிடந்தது. 21-ஆம் நகர்வில் டி7-க்கு வந்தது. சார் அங்கே நிறுத்தினார். எங்களில் ஒருவர்கூடக் குதிரையால் அந்த பிஷப்பை வெட்டலாம் என்று எழுதவில்லை. போர்டிலேயே நல்ல காயைக் கொடுத்து, இருப்பதிலேயே மட்டமான காயை யார் வாங்குவார்கள்? ஆட்டம் நடந்தபோது பத்திரிகையாளர் அறையில் இருந்த கிராண்ட்மாஸ்டர் நஜ்டோர்ஃபே அந்த நகர்வைக் குறை சொன்னாராம்.

ஃபிஷர் வெட்டினார். 'மிச்சம் என்ன?' என்று இப்போது கேட்டுப் பார்க்க வேண்டும். டி7-க்கு வந்த பிஷப் அடுத்து பி5-க்குப் போய் வெள்ளையின் பிஷப்போடு மாறிக்கொண்டு, கறுப்பின் கஷ்டத்தை முடித்துவைத்திருக்கும். இனி அது கிடையாது. சி5-இல் குதிரை இருந்தவரை சி ஃபைல், அதாவது சி நெடுவரிசை, அடைத்துக் கிடந்தது. குதிரை போனதும் வெள்ளை யானைக்குப் பாதை திறந்தது. 23-ஆம் நகர்வில் யானை சி1, அடுத்ததில் சி7. போர்டில் வெள்ளையிடம் மிஞ்சியது நீளமாகப் பார்க்கும் ஒரு பிஷப்பும் இரண்டு யானைகளும். கறுப்பிடம் இரண்டு யானைகளோடு ஒரு குதிரையும், தனித்தனியாகக் காக்க வேண்டிய பலவீனமான சிப்பாய்களும். பத்து நகர்வுக்குள் இரண்டு வெள்ளை யானைகளும் ஏழாம் வரிசைக்கு வந்துவிட்டன. 34-ஆம் நகர்வோடு பெட்ரோசியன் ஒப்புக்கொண்டார்.

அந்த நகர்வை மேதையின் உள்ளுணர்வு என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்கு ஒப்பாது. படிப்படியாகக் கேட்டுப் பார்த்தால் பதினான்கு வயதுப் பையனும் பிடித்துவிடக்கூடிய காரணம் அதில் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் மாஸ்டர்களின் ஆட்டங்கள்.

அடுத்தது கியூபாவின் உலக சாம்பியன் கேபபிளாங்காவின் ஆட்டம். அதை வகுப்பறையில் பார்க்கவில்லை, பூவனூரில் பார்த்தோம். நீடாமங்கலம் போகும் வழியில் பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் சதுரங்க வல்லபநாதர் கோயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பர் பாடிய தலம். சதுரங்கத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாத அரசகுமாரியைச் சித்தராக வந்த சிவபெருமான் ஆட்டத்தில் வென்று மணந்துகொண்டார் என்பது தலவரலாறு. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அந்தக் கோயிலின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. எங்களுக்கு அது பரீட்சை முடிந்ததும் சார் கூட்டிப்போகும் இடம். தரிசனம் முடிந்ததும் பிரகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, துளையில் குத்தி வைக்கும் சின்ன போர்டை எடுப்பார்.

1924, நியூயார்க். கேபபிளாங்காவுக்கு வெள்ளை, எதிரே டார்டகோவர். ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சிய நிலை. வெள்ளை யானை எச்7-இல் நின்று கறுப்பு ராஜாவைக் கடைசி வரிசையிலேயே அடைத்து வைத்திருக்கிறது. கறுப்பு யானை வெள்ளையின் சி3 சிப்பாயைக் குறிவைத்து நிற்கிறது. என்ன ஆடுவது? நாங்கள் எல்லாரும் சி3-ஐக் காப்பாற்றப் பார்த்தோம். கேபபிளாங்கா 35-ஆம் நகர்வில் ராஜாவை ஜி3-க்கு வைத்தார். கறுப்பு சி3-ஐ வெட்டி செக் சொன்னது. ராஜா எச்4. கொஞ்ச நேரத்தில் எஃப்4 சிப்பாயும் போனது, அதுவும் செக்கோடு. ராஜா ஜி5.

"ரெண்டு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துட்டு ராஜா எங்கேப்பா போறார்?" என்றார் சார்.

ராஜா எஃப்6-க்குப் போனார். வழியில் எஃப்5-இல் நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. அந்தச் சிப்பாய் அங்கேயே நின்றால் கறுப்பு யானையால் எஃப் ஃபைலில் பின்னாலிருந்து செக் சொல்ல முடியாது. எதிரியின் சிப்பாயே குடையாகிவிட்டது. இப்போது எண்ணிப் பாருங்கள். ஜி6-இல் ஒரு சிப்பாய், அதன் பக்கத்தில் ராஜா, ஏழாம் வரிசையில் யானை. மூன்றும் சேர்ந்து கறுப்பு ராஜாவை மிரட்ட, கறுப்பு யானை ஓடி வந்து கடைசி வரிசையில் காவலுக்கு நிற்க வேண்டியதாயிற்று. அந்த மிரட்டலின் துணையோடு கேபபிளாங்கா சி7, எஃப்5, ஏ7, டி5 என்று கறுப்பின் சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். கொடுத்தது இரண்டு, எடுத்தது நான்கு. செஸ்ஸை இறுதி ஆட்டத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று கேபபிளாங்கா சொன்னதன் அர்த்தம் அன்று அந்தப் பிரகாரத்தில் எனக்கு விளங்கியது. முடிவில் எந்த நிலை வேண்டும் என்று தெரியாதவனுக்கு நடுவில் எதைக் கொடுக்கலாம் என்று எப்படித் தெரியும்?

சார் வீட்டில் நிலம் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை போடுவார். திறப்பு தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு சம்பாவுக்குத் தயாராவார். யாராவது நிலைக்குப் பொருந்தாமல் ராஜா பக்கம் பாய்ந்து தாக்கினால், "தண்ணி வராம நான் குறுவை நினைச்சா ஆவுமா? போர்டுல என்ன இருக்கோ அதுலேருந்துதான் பிளான் வரும்" என்பார். வீட்டில் வயல் இருந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பெட்ரோசியனின் ஆட்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபிஷரிடம் தோற்றவராக மட்டும் அவரை நினைவில் வைப்பது நியாயமில்லை. 1953, ஜூரிச், ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக. வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் முன்னேறக் காத்திருக்கின்றன. பெட்ரோசியன் 25-ஆம் நகர்வில் யானையை இ6-இல் கொண்டுபோய் வைத்து, மதிப்பில் குறைந்த பிஷப்புக்கு அதைக் கொடுக்க முன்வந்தார். பதிலுக்கு அவர் குதிரைக்கு டி5-இல் அசைக்க முடியாத இடம் கிடைத்தது, வெள்ளைச் சிப்பாய்கள் அங்கேயே நின்றுபோயின. ஆட்டம் டிரா. டிராவான ஆட்டத்தில் என்ன படிப்பது என்று கேட்பவர்கள் இதை ஒரு முறை பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தோற்கப் போகும் நிலையில் திட்டம் போடுவதுதான் உண்மையிலேயே கஷ்டம். கார்போவ் 1974-இல் நீஸ் ஒலிம்பியாடில் உன்சிக்கருக்கு எதிராக பிஷப்பை ஏ7-இல் வைத்து, திறந்திருந்த ஒரே ஃபைலைத் தானே அடைத்ததையும் அதே வாரத்தில் பார்த்ததாக நினைவு. பிஷப்பின் முதுகுக்குப் பின்னால் யானைகளைச் சேர்க்க அந்த அடைப்பு.

இப்படிப் பார்த்த ஆட்டங்கள் எப்போது உதவும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. 2013 ஜனவரியில் விக் ஆன் ஸே போட்டியில் ஆனந்த் கறுப்புக் காய்களோடு அரோனியனை 23 நகர்வில் வென்றார். இரண்டு பிஷப்களும் வெள்ளை ராஜாவை நோக்கித் திரும்பி நிற்க, காய்களை அடுத்தடுத்து வெட்டக் கொடுத்துக்கொண்டே ஆடினார். 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ராணியையே கொடுத்து வென்ற ஆட்டத்தின் சாயல் அதில் இருந்ததை ஆனந்தே சொன்னார். நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்று மாயவரத்தில் பிறந்தவரின் கையில் மறுபடியும் உயிர் பெற்றது. அன்று இரவு ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

2024 டிசம்பர் 12 நம் கிளைக்காரர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். குகேஷும் அப்போதைய உலக சாம்பியன், சீனாவின் டிங் லிரெனும் இங்கே செந்தோசாவில் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 14-ஆம் ஆட்டம். வேலை முடிந்து வந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிராதான் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். 55-ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில். யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் பிஷப்களும் போய்விடும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த மிச்சத்தில் கறுப்பு ஆடிய குகேஷுக்கு வெற்றி. குகேஷ் முகம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, நான்கு மணி நேரம் ஆடிய களைப்பில், எந்த வெட்டு வெற்றிக்குப் போகும் என்பதை உடனே கண்டுகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் இருந்து பார்த்திருக்க வேண்டிய நாள்.

பள்ளிக்கு செஸ் போர்டுகளும் கடிகாரங்களும் வாங்கித் தரலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. தாராளமாகச் செய்வோம். இப்போதைய பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, அதில் இன்ஜின் இருக்கிறது. சிறந்த நகர்வை அது ஒரு நொடியில் காட்டிவிடும். காரணத்தை மட்டும் பிள்ளைகளே எழுத வேண்டும். அதனால் போர்டுகளோடு நாற்பது பக்க நோட்டுகளும் ஒரு கட்டு அனுப்புவோம். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மாலை பள்ளியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எதை வைத்துத் தொடங்குவது என்று கேட்டால், ஃபிஷர்–பெட்ரோசியன் ஏழாவது ஆட்டம். பெட்ரோசியனின் பிஷப் டி7-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். போன்களை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, நகர்வையும் காரணத்தையும் எழுதப் பதினைந்து நிமிடம் கொடுங்கள்.