ஆடி அமாவாசையும் வீட்டுக் கன்னியும்

ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் இருக்கும் பாபநாசம் படித்துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட மட்டும் வருவதில்லை. சின்னப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு என்று ஓலைப்பெட்டியில் எடுத்து வரும் குடும்பங்களும் உண்டு. மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் பால்குடி மாறாமலே போன பெண் குழந்தையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடும் வழக்கம் நெல்லைச் சீமைக் கிராமங்களில் இன்னும் விட்டுப்போகவில்லை. அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் பெயர் தெரியாது, திதியும் தெரியாது. பெரியாச்சியின் தலைச்சன் பிள்ளை என்ற அளவுக்குத்தான் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

திதி தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு வயது நிறையாத குழந்தையைப் புதைக்க வேண்டும், தீயும் நீர்க்கடனும் வேண்டாம் என்று மனுஸ்மிருதியின் 5-ஆம் அத்தியாயமே சொல்கிறது. பல் முளைக்காமல் போனவர்களுக்கும் கருவிலேயே போனவர்களுக்கும் கயாவில் பொதுவாக ஒரு பிண்டம் வைப்பார்கள். அது அந்தத் தலத்து முறை. இங்கே படித்துறையில் யாராவது “கன்னி தோஷம், தனிப் பரிகாரம் செய்யணும்” என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரியவர்களுக்குத் தர்ப்பணம் முடித்து, கரையேறி, ஈரம் மாற்றிய பிறகு குழந்தைக்கு வேண்டியது பாலும் மாவிளக்கும் புதுத்துணியும்தான்.

மாவிளக்கை மட்டும் அவசரத்தில் செய்யக் கூடாது. பச்சரிசி இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. கால் கிலோ அரிசி ஒரு குடும்பத்துக்குப் போதும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு சேராது, விளக்கில் கீறல் விழுந்து நெய் ஒழுகும். கடையில் வாங்கும் காய்ந்த மாவில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. வெல்லம் கூடினால் சூட்டில் இளகிச் சரியும். கொஞ்சம் ஏலக்காய், சுக்கு சேர்க்கலாம், உப்பு கிடையாது. முதல் நாள் இரவே பிசைந்து டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தால் புளிப்பு வாடை தட்டும். மாவைத் தனியாகவும் பொடித்த வெல்லத்தைத் தனியாகவும் கொண்டுவந்து அங்கேயே பிசைவது நல்லது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, துளி சர்க்கரை போட்டு, சின்னச் செம்பில் வையுங்கள்.

ஆடிச் சாரலில் தாமிரபரணி வேகமாக ஓடும். அணையில் திறந்துவிட்டால் சொல்லாமல் ஏறும். குழந்தைகளை மேல்படியிலேயே நிறுத்தி, செம்பில் மொண்டு ஊற்றுங்கள். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று நினைத்து விட்டுப்போகிறார்கள். அது பாறையில் சிக்கி, அடுத்து முங்குகிறவர் காலைச் சுற்றுகிறது. கன்னிக்கு எடுத்த துணியையும் சிலர் ஆற்றோடு விடுகிறார்கள். கன்னித் துணி ஆற்றுக்குப் போவது முறையே இல்லை.

பாபநாசநாதர் கோயில், ஒன்பது சிவத்தலங்கள் சேர்ந்த நவகைலாயத்தில் முதல் தலம், சூரியனுக்குரியது. உலகம்மை சன்னதி முன்னால் இருக்கும் உரலில் பெண்கள் விரலிமஞ்சள் இடித்து அபிஷேகத்துக்குக் கொடுப்பார்கள். கன்னி கும்பிட வந்த வீட்டுப் பெண்களும் ஒரு பிடி இடித்துவிட்டுப் போவது வழக்கம். உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் இங்கே, பிறகு மலைமேல் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில்.

அந்தக் கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். திருவிழா நாட்களில் சொந்த வண்டியை விடாமல் அரசுப் பேருந்தில் ஏற்றிவிடுவதும் உண்டு, ஆகவே சாமானைத் தோளில் சுமக்கும் அளவுக்குக் குறையுங்கள். காட்டில் விறகு பொறுக்கக் கூடாது. சாரலில் பொறுக்கினாலும் எரியாது. காய்ந்த தென்னம்பாளையும் சிரட்டையும் சாக்கில் கட்டி எடுத்துப் போனால் ஒரு கிலோ அரிசிப் பொங்கல் தடையில்லாமல் பொங்கும்.

அங்கே அய்யனாருக்குச் சைவப் படைப்பு. காவல் தெய்வங்களுக்குக் கிடாய் வெட்டுவார்கள், பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்து கட்டுவார்கள். இந்த வரிசையில் கன்னிக்கு எங்கே வைப்பது என்று புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். பிள்ளை காக்கிறவள் பேச்சியம்மன் என்பதால் அவள் சன்னதிக்கு எதிரே, ஓரமாக, வாழையிலையில் பால், மாவிளக்கு, பொரிகடலை, பழம், மேலே மடித்த பாவாடை என்று வைத்தால் சரியாக இருக்கும். அசைவ அடுப்பு மூட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒருவர் கம்போடு நிற்கட்டும். குரங்குகள் சூடம் அணையும்வரை காத்திருப்பதில்லை. மந்திரம் எதுவும் வேண்டாம். வீட்டில் மூத்த பெண் “தாயி, நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பாத்துக்கோ” என்று சொல்லிப் பால் காட்டினால் போதும்.

துணி வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். புதுப் பாவாடையைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கன்னிமூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலையில், உயரத்தில் கட்டுவார்கள். போன வருஷத்துப் பாவாடையை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்திவிடுவார்கள். அதனால் கைக்குழந்தை அளவில் துணி எடுக்காதீர்கள். அடுத்த ஆடியில் அதைப் போடப்போகிற பேத்தி யாரென்று பார்த்து, அவளுக்கு ஒரு வயது கூட்டி எடுங்கள். வீட்டில் பெண்பிள்ளை இல்லையென்றால் நாத்தனார் மகளுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம். பெட்டிக்குள் பாச்சை உருண்டை வைக்காமல் வேப்பிலை போடுங்கள். குழந்தை உடுத்தப்போகிற துணி அது.