அரியமான் மணலில் பனிச்சரிவுத் தேடல் பயிற்சி

இமயமலைப் பனியில் ஏறப் போகிறவர்கள் ட்ரான்ஸீவரை, அதாவது பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும், சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவியை, ஊரிலேயே கை பழக்கிவிடலாம். ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய காய்ந்த மணல் போதும். அலை நனைக்கும் மணல் ஆகாது. உப்பு ஈரம் 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை விழுங்கிவிடும். பனியில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு கருவியை சிக்னல் அனுப்பும் நிலையில் வைத்து, டப்பாவில் போட்டு, மேலே பலகை வைத்து முக்கால் மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். விளையாட்டுக்குக்கூட ஆளைப் புதைக்காதீர்கள், மணல் சரிந்து மூச்சை அடைத்துவிடும்.

தேடுகிறவர் தன் ட்ரான்ஸீவரைத் தேடும் நிலையில் வைத்துக்கொள்ளட்டும்; அவருடைய செல்போன் அதிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். திரையில் தெரியும் அம்புக்குறியைப் பின்தொடர்ந்து வேகமாகப் போகலாம். திரையில் தூரம் 10 மீட்டர் என்று வந்ததும் நடையைக் குறையுங்கள். 3-க்குக் கீழே வந்தால் குனிந்து, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, சிலுவை வடிவில் முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். பலரும் சொதப்புவது இங்கேதான்: பதற்றத்தில் கருவியைத் திருப்பிவிடுவார்கள், எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். கருவி பார்க்கும் திசை மாறவே கூடாது.

எண் மிகக் குறைந்த இடத்தில் ப்ரோப் எனும் நீளமான துழாவு கம்பியைத் தரைக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். படவில்லையென்றால் அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில், சுருள் வடிவில் வெளிநோக்கிக் குத்திக்கொண்டே போங்கள். பலகையில் பட்டால் கம்பியை உருவாதீர்கள். மலையில் சரிவின் கீழ்ப்பக்கமிருந்துதான் தோண்டுவார்கள். மணல்மேட்டிலும் அப்படியே பழகுங்கள்.