கேட்டுக் கேட்டுப் போகிறவர்களுக்கான போர்டு

சென்னை சென்ட்ரலுக்கு வழிகாட்டிப் பலகைகள் வரையும் வேலை வந்தபோது, வரைபடத்தைப் பார்த்தவரைக்கும் சுலபமாகத்தான் தெரிந்தது. அது முனைய நிலையம். தண்டவாளங்கள் வந்து முடிகிற இடத்தில் ஒரே நீளக் கூடம், அதிலிருந்து ஒவ்வொரு பிளாட்பாரமாகப் பிரிகிறது. ஜங்ஷன்களில் மேம்பாலம், படிக்கட்டு என்று மண்டையை உடைத்துக்கொண்ட எங்களுக்கு இது வரப்பிரசாதம்.

சிக்கல் கட்டடத்துக்கு வெளியே ஆரம்பிக்கிறது. “சென்ட்ரல்” என்று பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் போக வேண்டிய இடம் எதுவாகவும் இருக்கலாம். கோவைக்கோ மங்களூருக்கோ என்றால் பழைய சிவப்புக் கட்டடம். ஆவடி, திருவள்ளூர் என்றால் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகம். தாம்பரம் என்றால் சாலையைத் தாண்டிப் பூங்கா நிலையம், வேளச்சேரி பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர், மெட்ரோவுக்குத் தரைக்கு அடியில். போதாக்குறைக்கு, நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு எழும்பூருக்குப் பதில் இங்கே வந்து நிற்கிறவர்களும் உண்டு. அவர்களை எந்தப் போர்டும் காப்பாற்றாது, ஆட்டோதான்.

முதலில் நாங்கள் கூடத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தோம். அறிவிப்புத் திரையில் வரிகள் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மாறி மாறி வரும். ஒரு அம்மா டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறார். தமிழ் வருகிறது, மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வருகிறார், தன் ரயிலை எட்டுவதற்குள் இந்தி வந்துவிடுகிறது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறார். அதுவும் நழுவியதும் பக்கத்தில் இருந்த போர்ட்டரிடம் திரும்பினார்.

“அண்ணே, ஆலப்புழை வண்டி எதுல வரும்?”

“அஞ்சாம் நம்பர்மா. அதோ அந்த ஜூஸ் கடை தெரியுது பாருங்க, அதை ஒட்டிப் போங்க.”

ஜூஸ் கடைக்கு நேர் மேலேயே 5 என்று போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காட்டவில்லை. காட்டினாலும் அந்த அம்மாவுக்கு அங்கிருந்து தெரிந்திருக்காது.

எங்கள் திட்டம் திரும்பியது அங்கேதான். போர்டு நன்றாக இருந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் ஓதப்படும் பாடம். நம் ஊரில் அது நடக்காது என்பது என் அபிப்பிராயம். போர்டைப் படித்தவரும் “இதானே?” என்று ஒரு ஆளிடம் உறுதி செய்துகொண்டுதான் நகர்வார். அதில் தப்பும் இல்லை. 24 பெட்டி ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். தப்பான பிளாட்பாரத்தில் கடைசிவரை நடந்துவிட்டால், திரும்பி வந்து அடுத்ததில் மறுபடி அவ்வளவு தூரம், அதுவும் மூட்டையோடு. கேட்காமல் இருப்பாரா? ஆகவே போர்டு இரண்டு பேருக்கானது: படிக்கிறவர் ஒருவர், கை காட்டுகிறவர் இன்னொருவர்.

கை காட்ட வசதியாக வேண்டும் என்று முடிவானதும் பல விஷயங்கள் தானாக இடத்தில் விழுந்தன. பிளாட்பார எண் மட்டும் ராட்சத அளவில், மற்ற தகவல் எல்லாம் அதற்குக் கீழே அடக்கமாக. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 2ஏ என்று ஒரு பிளாட்பாரம் இருக்கிறது. அந்த ‘ஏ’யைச் சின்னதாக மூலையில் ஒட்டினால் ஆள் இரண்டில் போய் நிற்பார். எண்ணுக்குச் சமமான உயரத்தில் எழுத்தும் வர வேண்டும்.

எழுத்தளவுக்கு 25 அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது ஆங்கில எழுத்துக்குப் போட்டது. தமிழில் ‘ழு’, ‘று’, ‘கூ’ போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் அடைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து விளக்கு எரிந்தால் வெளிச்சம் கசிந்து இன்னும் அடைக்கும். முழு அளவில் அச்சிட்டுத் தொங்கவிட்டு, விளக்கு போட்ட பிறகு கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தோம். ‘கழிப்பறை’ தப்பித்தது, ‘முன்பதிவு’ கறுப்புத் திட்டாகிவிட்டது. தடிமனைக் குறைத்து அளவைக் கூட்டினோம், பலகை நீண்டது. நிலையத்தின் பெயரே 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று ஆகியிருந்தது. அதை முகப்புக்கு விட்டுவிட்டோம்.

சின்னங்கள் வேறொரு தலைவலி. 1974-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக வரைந்த படக்குறிகள்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆண், பெண், தொலைபேசி எல்லாம் சரி. அந்தத் தொகுப்பில் கோட் மாட்டும் அறைக்கு ஹாங்கர் படம். நம் கிளோக் ரூமில் யார் கோட்டைக் கழற்றி வைக்கிறார்கள்? பெட்டியும் சாவியும் வரைந்தோம். அம்புக்குறியில் பெரிய சண்டையே நடந்தது. மேல்நோக்கிய அம்பு நேராகப் போ என்பதா, மாடி ஏறு என்பதா? படிக்கட்டுக்கு அருகில் அந்த அம்பை வைப்பதே இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம்.

2023 பிப்ரவரியில் இதே நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்தி, திரைகளை மட்டும் நம்பிப் பார்த்தார்கள். அமைதியான நிலையம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போர்டு வரைகிறவன் என்ற முறையில் நான் அதற்குக் கைதட்ட வேண்டும். ஆனால் அந்த அம்மா இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்ததைப் பார்த்தவனுக்கு அது வராது.

கடைசியாக, தொங்கும் போர்டுகளின் பின்பக்கம். ரயிலேற வருகிறவர் முன்பக்கத்தைப் பார்ப்பார், இறங்கி வருகிறவர் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே விளம்பரம் வருவது வழக்கம், வருமானம் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹவுராவிலிருந்து வந்து இறங்குகிற ஆள், மெட்ரோ எங்கே, ஜி.எச். எங்கே என்று முதல் கடையில் விசாரிக்கும்போது, கடைக்காரர் கை காட்டவும் ஏதாவது தொங்க வேண்டும். அதனால் பின்பக்கத்துக்கும் தனியாக வரைபடம் போட்டு, விளம்பரத்துக்குத் தூண்களை ஒதுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். திட்டத்திலேயே அதிகம் வாதாடியது அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.