ஈயச் சொம்பும் ஒரு துண்டு நூலும்

அம்மாவின் ஈயச் சொம்பு போன மாதம் அடுப்பில் உருகிவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் வைத்துவிட்டேன். ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் (டின்) ஆனது, அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வெறும் சொம்பு காஸ் அடுப்பைத் தாங்காது. பழைய சொம்பு இன்னொன்று உண்டு, சின்னது. அதில் எங்கள் நால்வருக்கும் ரசம் போதாது என்று புதிதாக ஒன்று வாங்கினேன்.

கையில் எடுத்ததுமே கனம் உறுத்தியது. வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தது. காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) இருந்தால் அப்படி விழும். சின்னச் சொம்பைத் தேய்த்தால் அப்படி விழவில்லை.

அதோடு விட மனம் வரவில்லை. சமையலறைத் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிட்டேன். தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கனஅளவு, மில்லி லிட்டரில். உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் சாய்த்துவிட வேண்டும். பழையது 292 கிராம், தண்ணீரில் 40. வகுத்தால் 7.3, சுத்த வெள்ளீயத்தின் அடர்த்தி. புதியது 510 கிராம், தண்ணீரில் 60. அதாவது 8.5. காரீயத்தின் அடர்த்தி 11.3. புதியது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியில் இருப்பதுபோல வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை என்றே என் சந்தேகம்.

அதில் புளி கொதிக்கும். புளிப்பு காரீயத்தை இழுக்கும். வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். குழந்தைக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரியாக வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் சமைத்தது உண்ணத் தகாதது என்று 1955ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே இருந்தது. துருப்பிடித்த பாத்திரமும் எனாமல் பெயர்ந்ததும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பாட்டிகள் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும் நாளைப் பார்த்துக் காத்திருந்தது வீண் இல்லை. குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம், என் குக்கரில் ஐ.எஸ். 2347 என்று பொறித்திருக்கிறது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் 2024இல் ஆணை வந்தது. இந்தச் சொம்பிலோ ஓர் எழுத்தும் இல்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். "ஒரிஜினல் வெள்ளீயம்தாம்மா, பயப்படாம கொண்டுபோங்க" என்றார் கடைக்காரர்.

"அப்போ பில்லுல 'காரீயம் கலக்காதது'ன்னு எழுதிக் கொடுங்க."

பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தந்தார். சொம்பு மறுபடி கண்ணாடி அலமாரிக்குப் போனது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அன்று மாலையே எழுதிவிட்டேன், தாளில் விழுந்த கறுப்புக் கோட்டின் படத்தோடு.