நெல்மணியில் பால் பிடிப்பதும் வெள்ளை விழுவதும்

நாம் சோறாக உண்ணும் பகுதி முளைசூழ்தசை. கருவுற்ற முதல் இரண்டு மூன்று நாள் அங்கே உட்கருக்கள் மட்டும் பெருகும், செல்சுவர் இருக்காது. சுவர் எழுந்த பிறகுதான் மாவுச்சத்து சேரத் தொடங்கும். மணியை நசுக்கினால் பால் வருவது அப்போதுதான்.

கதிருக்கு அடியில் உள்ள கடைசி இலையான கண்ணாடி இலையிலிருந்து வருவது சுக்ரோஸ் என்ற சர்க்கரை. நொதிகள் அதை உடைத்து, மாவுச்சத்தின் கட்டுமானப் பொருளான ஏடிபி-குளுக்கோஸாக (ADP-glucose) ஆக்குகின்றன. இந்தக் கடைசிப் படியைச் செய்யும் ஏஜிபேஸ் நொதிதான் முக்கியக் கட்டுப்பாட்டு இடம். அதன்பின் 'வாக்ஸி' மரபணு தரும் நொதி, மாவுச்சத்தின் நேர்ச்சங்கிலி வடிவமான அமைலோஸைக் கட்டுகிறது. கிளை போடும் நொதிகளோடு வேறு சில சேர்ந்து, கிளைவிட்ட வடிவமான அமைலோபெக்டினைக் கட்டுகின்றன. 'வாக்ஸி' முற்றிலும் செயலிழந்த ரகமே ஒட்டும் அரிசி. சோறு உதிரியா, குழைவா என்பதை நிர்ணயிப்பதில் இந்த ஒரு மரபணுவுக்கே பெரும்பங்கு. எனக்கு இது சலிக்காத வியப்பு.

பூத்த முதல் 20 நாளின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 27 டிகிரியைத் தாண்டினால் கட்டும் நொதிகள் தளரும், மாவை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் கூடும். மாவுத் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல் இடையில் காற்று நிற்கும். அதுதான் அரிசியில் தெரியும் வெள்ளை. ஆலையில் முதலில் நொறுங்குவதும் அந்த மணியே.

கதிரில் 80–85 சதவீத மணிகள் வைக்கோல் நிறமானதும் அறுங்கள். ஈரப்பதம் 20–24 சதவீதம் இருக்கட்டும். வயலிலேயே காய்ந்த மணி பனியில் மறுபடி நனைந்தால் உள்ளே விரிசல் விடும்.