விலகி நின்ற சதுரம்

நீரிழிவு நோயாளருக்கான அறிவூட்டல் வகுப்புகள் பலன் தருகின்றனவா என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொழும்பில் இந்த வேலைக்கு வந்து எனக்கு அது முதல் வருடம். திரையில் ஓர் ஆய்வுக்கு ஒரு சதுரமாக வரிசை இறங்கியது. ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுத் தூர விலகி நின்றது. ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் ஐ-ஸ்குவெயர் என்ற எண் 80 சதவீதத்துக்கு மேல். அந்த ஆய்வை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டேன். எண் சட்டென்று இறங்கியது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி அதை எடுத்தனீர்?”

“மற்றதுகளோட ஒத்துவரேல்லை அக்கா.”

“ஏன் ஒத்துவரேல்லை எண்டு வாசிச்சுப் பாத்தனீரோ?”

வாசிக்கவில்லை. அன்றிரவு வெள்ளவத்தை அறையில் இருந்து வாசித்தேன். மற்ற ஆய்வுகளில் தாதி ஒரு மண்டபத்தில் எல்லோருக்கும் பொதுவாக விளக்கியிருந்தார். இதிலோ மாதாமாதம் வீட்டுக்கே போய், சோற்றைக் கோப்பையால் அளந்து காட்டியிருந்தார். பிழையான ஆய்வே அல்ல, வேறு சிகிச்சை! அதைத் திரும்பச் சேர்த்துத் தனிப்பிரிவாகக் காட்டினோம். முடிவைப் பார்த்த பிறகே இப்படிப் பிரித்தோம் என்பதையும் அறிக்கையில் எழுதினோம். அதை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியின் கதையை எனக்குச் சொன்னவரும் அந்த அக்காதான். 1950இல் பிரித்தானியாவில் பள்ளிப் பருவத்தினரிடம் தொடங்கிய பரிசோதனையில் முக்கால் பங்களவு பாதுகாப்புக் கிடைத்தது. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கியதில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றியும், வளர்ந்தோரின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்புத் தெரியவில்லை. 1994இல் 13 பரிசோதனைகளைத் தொகுத்தபோது சராசரி ஏறக்குறையப் பாதி. அந்தப் பாதி லண்டனுக்கும் பொருந்தாது, செங்கல்பட்டுக்கும் பொருந்தாது. ஊர்களைப் பூமத்திய ரேகையிலிருந்து உள்ள தூரப்படி அடுக்கியபோதுதான் ஒழுங்கொன்று தெரிந்தது: தூரம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடியது. அகலக்கோடு யாரையும் காப்பாற்றாது. வெப்பநாட்டு மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் உறவுக்கார நுண்ணுயிர்கள் உடலை முன்கூட்டியே பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் குறைவாகத் தெரிவது ஒரு காரணமாகலாம் என்பது முக்கியமான விளக்கம். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அந்த ஊசி நன்றாகவே காக்கிறது. இங்கே பிறந்தவுடன் போடுவதும் அதற்காகத்தான்.

ஐ-ஸ்குவெயர் சொல்வது, தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு தற்செயலுக்கு அப்பாற்பட்டது என்பதை மட்டுமே. காரணத்தை நாம்தான் தேடவேண்டும். எந்தெந்த வேறுபாடுகளைப் பார்ப்போம் என்பதை இப்போது தரவைத் தொடுமுன்பே எழுதிவைக்கிறேன்: மருந்தின் அளவு, நோயாளியின் வயது, எத்தனை மாதத்தில் அளந்தார்கள். போன மாதம் முடித்த தொகுப்பில் ஓர் ஆய்வு வலியை இரண்டு வாரத்திலும் இன்னொன்று ஒரு வருடத்திலும் அளந்திருந்தன. அதில் மொத்த முடிவைக் காட்டும் வைர வடிவக் குறியை நாங்கள் வரையவே இல்லை.