மகளுக்கு ஒரு ஓட்டு, எனக்கு இரண்டு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் எனக்கு நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. தலைநகர் கோலாலம்பூரில், செந்தூலில் அடுக்குமாடியில் குடியிருக்கும் என் மகளுக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான். 2023 ஆகஸ்டில் நாங்கள் சட்டமன்றத் தேர்தலுக்கு வரிசையில் நின்றபோது, "எனக்கு இன்னைக்கு வேலையே இல்லப்பா" என்றாள். நாட்டின் தலைநகரில் வரி கட்டுகிறாள். டத்தோ பண்டாரை, அதாவது நகர மேயரைத் தேர்ந்தெடுக்கவும் அவளுக்கு உரிமை கிடையாது, அவர் நியமனம்தான்.

தோட்டத்துக்காரனுக்குத் தலைநகர் அரசியல் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்து ரப்பர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள், நம் பிள்ளைகள் கெப்போங், செந்தூல், கெரிஞ்சி என்று போய்விட்டார்கள். அந்த நகரத்தை யார் ஆள்கிறார்கள் என்பது எங்கள் வீட்டுக் கவலை.

ஓட்டே இல்லாத ஊராக இருந்ததில்லை கோலாலம்பூர். 1952 பிப்ரவரியில் அங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவும் சீனர்களின் கட்சியான ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9 பிடித்தன. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு. நம் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா. அப்போது ஓன் பக்கம் நின்றது, அம்னோ-ம.சீ.ச. கூட்டணியில் சேர்ந்தது 1954-இல்தான். நாட்டைப் பல பத்தாண்டுகள் ஆண்ட கூட்டணி பிறந்ததே ஒரு நகராட்சித் தேர்தலில். நகராட்சிகளும் அடங்கிய ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வந்தால் இனங்கள் மோதிக்கொள்ளும், 1969 மே 13 இனக்கலவரம் திரும்பும் என்று பயமுறுத்துகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

1961-இல் தலைநகரில் அந்தத் தேர்தல் போனது, ஆணையர் வந்தார். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி நாடு முழுக்க நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம் ம.இ.கா. தலைவர்களில் ஒருவரான ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஓரம் தள்ளியது. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவர் எழுதியதை ஏன் கேட்டு வாங்கவில்லை?

1974 பிப்ரவரி 1 வரை கோலாலம்பூரும் எங்கள் சிலாங்கூர்தான். 1969 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் 28 இடங்களில் ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தது 14, சரிபாதிதான். ஐந்து ஆண்டுக்குள் தலைநகரைப் பிரித்துக் மத்திய அரசு நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசமாக்கியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. சிலாங்கூர் சுல்தான் கண்கலங்கினார் என்பார்கள். ஆனால் அங்கிருந்தவர்களின் சட்டமன்ற ஓட்டும் அன்றோடு போனது.

ஓட்டில்லாத நகரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு கோலாலம்பூரின் புக்கிட் கியாராவைப் பாருங்கள். அது ரப்பர் தோட்டமாக இருந்த இடம். நிலத்தை அரசு எடுத்தபோது நம் தொழிலாளிகளை நீளவீடுகளில் வைத்தார்கள்; நிரந்தர வீடு வரும் என்றார்கள். பல பத்தாண்டுகள் அங்கேயே போயின. பிறகு பக்கத்துப் பூங்காவில் ஆடம்பர அடுக்குமாடித் திட்டம் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு நீளவீட்டுக்காரர்களுக்கும் ஒரு கட்டடம். பக்கத்துக் குடியிருப்பான தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் திட்ட அனுமதி செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூங்காவைக் காப்பாற்ற நினைத்தவனும் வீட்டுக்குக் காத்திருந்த நம் ஆளும் எதிரெதிரே நிற்க வேண்டி வந்ததே, அதுதான் மனத்தை அறுக்கிறது. அந்த வட்டாரத்துக்கு ஓட்டு கேட்டு வந்த ஒரு மன்ற உறுப்பினர் இருந்திருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் கட்டாயம் அவருக்கு இருந்திருக்கும்.

2018-இல் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பிரதமர் மகாதீர் வேண்டாம் என்றுவிட்டார்.

மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது முதல் படியாக இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எல்லா அதிகாரமும் ஒரே நாற்காலியில் குவிந்தால், ஓட்டு வாங்கி வந்தவரும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். முதலில் வட்டாரவாரியாக மன்ற உறுப்பினர்கள் வரட்டும், திட்ட அனுமதிகள் அவர்கள் முன்னால் வைக்கப்படட்டும். தலைநகருக்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் மகள் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஊராட்சித் தேர்தலுக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?